மல்லாரி யாருடையது? ஒரு பூங்காவனக் காணொளியின் வழக்கு

யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியில் ஒரு பிள்ளையார் கோயில்; ஆண்டுத் திருவிழாவின் முடிவில் வரும் பூங்காவனத் திருவிழா. இரண்டு நாதஸ்வரம், நான்கு தவில், மூன்று மணித்தியாலத்துக்கு மேலாகக் கச்சேரி. ஊர் வீடியோக்காரர் ஒருவர் அதை நேரலையாக விட்டு, பிறகு முழுப் பதிவையும் தன் சனலில் ஏற்றினார். அடுத்த நாளே, 'இந்த இசை எங்களுடையது' என்று நான்கு பதிப்புரிமைக் கோரல்கள் வந்து விழுந்தன. ஒன்று, ஒலிபெருக்கியில் போன பக்திப் பாட்டுக்கு. இன்னொன்று, கச்சேரியின் கடைசியில் வாசித்த சினிமாப் பாட்டுக்கு. மூன்றாவது, தியாகராஜரின் ஆபேரி ராகக் கீர்த்தனை ஒன்றுக்கு. நான்காவது, சுவாமி வெளிவீதிக்கு எழுந்தருளும்போது வாசித்த மல்லாரி என்ற நாதஸ்வர உருப்படிக்கு.

முதல் மூன்றுக்கும் வீடியோக்காரர் அவ்வளவாக அலட்டிக்கொள்ளவில்லை. மல்லாரிக்கு உரிமையாளர் என்று ஒரு கம்பனியின் பெயர் திரையில் நின்றதைப் பார்த்த பிறகுதான் அறிவித்தல்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஆட்கள், கோயில், கோரிய கம்பனிகள், காணொளி இருந்த தளம் ஆகியவற்றின் பெயர்களை இங்கே தவிர்க்கிறேன். நான் சட்டத்தரணி அல்ல. சட்டத்தையும் தளங்களின் விதிகளையும் உட்கார்ந்து வாசிக்கும் பழக்கம் உள்ளவன். மேளக்கச்சேரி என்றால் விடியவிடிய நிற்பவன். இரண்டும் ஒரே வழக்கில் சந்திக்கும் என்று நினைத்ததில்லை.

காசு எங்கே ஓடுகிறது

கோயில் சபை வீடியோவுக்கென்று சம்பளம் கொடுக்கவில்லை. அன்றைய திருவிழாச் செலவை ஏற்ற உபயகாரர் வெளிநாட்டிலிருந்து நேரலைச் செலவுக்கு ஒரு தொகை அனுப்பியிருந்தார். அதற்கு மேல் விளம்பரத்தில் வருவதை வீடியோக்காரர் எடுத்துக்கொள்ளலாம் என்பது வாய்ப்பேச்சு உடன்பாடு. எழுத்தில் ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்துக் கோயில்கள் பலவற்றில் இப்போது இப்படித்தான் நடக்கிறது. சபைக்குச் செலவில்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கிற ஊர்க்காரருக்குத் திருவிழா பார்க்கக் கிடைக்கிறது. அந்த நாடுகளில் ஓடும் விளம்பரத்துக்கு இலங்கையில் ஓடுவதைவிடக் கூடுதலாகக் கிடைப்பதால் வீடியோக்காரருக்கும் ஏதோ மிஞ்சுகிறது.

ஏற்றப்படும் காணொளிகளின் ஒலியைத் தளத்தின் இயந்திரம் கம்பனிகளின் அட்டவணையோடு ஒப்பிடும். பொருந்தினால், உரிமை கோருபவர் அந்தத் தானியங்கி முறையில் மூன்றில் ஒன்றைத் தெரிவுசெய்யலாம்: காணொளியை முடக்கலாம், விளம்பரத்தை ஓடவிட்டுக் காசைத் தான் எடுக்கலாம், அல்லது யார் பார்க்கிறார்கள் என்று கணக்கு மட்டும் பார்க்கலாம். நான்கு பேரும் இரண்டாவதைத்தான் தெரிவுசெய்திருந்தார்கள். காணொளி நிற்கும், சனம் பார்க்கும், நன்றாக இருக்கிறது என்று கீழே எழுதும். காசு மட்டும் வேறு திசையில் போகும். முடக்கியிருந்தால் ஊரே கொதித்திருக்கும். காசை எடுத்தால் வீடியோக்காரர் ஒருவருக்குத்தான் தெரியும்.

நியாயமான இரண்டு

ஒலிபெருக்கிப் பாட்டைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. பூசைக்கு முன் ஒலிபெருக்கிக்காரர் போட்டது விற்பனையில் உள்ள ஒலிப்பதிவு. அது காணொளியில் பின்னணியில் தெளிவாகக் கேட்கிறது. "நான் போடேல்லை, அவர்தான் போட்டவர்" என்பது வீடியோக்காரரின் நியாயம். மனிதருக்கு விளங்கும் நியாயம்தான், ஆனால் பதிவை ஏற்றியவர் அவர். அந்தத் துண்டின் ஒலியை அடக்கினார், கோரல் விலகியது.

சினிமாப் பாட்டு கொஞ்சம் சிக்கல். பூங்காவனத்தில் கடைசி அரை மணித்தியாலம் சினிமாப் பாட்டுக்கென்றே விடப்படும். முன்பு துண்டு எழுதி மேடைக்குக் கொடுப்பார்கள். இப்போது துண்டு கனடாவிலிருந்து வாட்ஸப்பில் வருகிறது. நாதஸ்வரத்தில் வாசித்தாலும் மெட்டு மெட்டுத்தான். அதற்கு இசையமைத்தவருக்கோ அவரிடமிருந்து உரிமையை வாங்கியவருக்கோ பங்கு உண்டு என்பதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் ஒரு சில நிமிடப் பாட்டுக்காக மூன்று மணித்தியாலக் காணொளியின் முழு விளம்பர வருமானத்தையும் ஒருவர் எடுத்துக்கொள்ள எந்தச் சட்டம் சொல்கிறது? எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தளத்தின் உடன்படிக்கை அதற்கு இடம்கொடுக்கிறது; சனல் திறக்கும்போது அதற்கு 'சம்மதம்' என்று அழுத்தியிருக்கிறோம். பாட்டை வெட்டி எடுத்தால் கோரல் போய்விடும். வீடியோக்காரர் வெட்டினார். பாட்டைக் கேட்டு வாட்ஸப் அனுப்பிய கனடாக்காரர் மறுநாள் தொலைபேசியில் எடுத்து ஏசினார்.

தியாகராஜரும் கம்பனியும்

தியாகராஜர் பிறந்தது 1767, சமாதியானது 1847. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஒரு படைப்புக்குப் பாதுகாப்பு, படைத்தவரின் ஆயுளும் அதன்பின் 70 ஆண்டும். இந்தியாவில் ஆயுளோடு 60 ஆண்டு. எந்த நாட்டுக் கணக்கில் எண்ணினாலும் தியாகராஜர் கீர்த்தனை எப்போதோ எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. அதே இரவில், தமிழ்க் கீர்த்தனைகள் இயற்றிய பாபநாசம் சிவனின் உருப்படி ஒன்றை வாசித்திருந்தால் நான் இவ்வளவு துணிவாக எழுதமாட்டேன். அவர் காலமானது 1973இல்; இரண்டு நாட்டுச் சட்டக் கணக்கிலும் அந்த ஆண்டுகள் இன்னும் ஓடி முடியவில்லை. எங்கள் கச்சேரிகளில் தியாகராஜர் உள்ளிட்ட சங்கீத மும்மூர்த்திகளையும் பாபநாசம் சிவனையும் அடுத்தடுத்து வாசிப்பார்கள். கேட்கிறவருக்கு எல்லாம் ஒரே சங்கீதம், சட்டத்துக்கு அப்படி அல்ல.

கோரிய கம்பனிக்கு ஒன்றுமே சொந்தமில்லை என்று சொல்ல வரவில்லை. பாடகர் ஒருவர் அந்தக் கீர்த்தனையைப் பாடிய ஒலிப்பதிவு அவர்களிடம் இருக்கலாம். அந்தப் பதிவு அவர்களுடையது. அதை யாராவது எடுத்து ஒட்டியிருந்தால் கோரல் சரி. எங்கள் காணொளியில் ஒலிப்பது அந்தப் பதிவு அல்ல. வலிகாமத்து வித்துவான் ஒருவர் அன்றிரவு தன் மூச்சால் வாசித்தது. அறிவித்தலில் பொருந்தியதாகக் காட்டப்பட்டதும் ஒலிப்பதிவு அல்ல, 'மெலடி'. அதாவது கீர்த்தனையின் மெட்டே கம்பனியுடையது என்று அதன் பதிவேட்டில் கிடக்கிறது.

இது எப்படி நடந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமில்லை. கம்பனிகள் பல்லாயிரம் பாட்டுகளை அட்டவணையாக ஏற்றுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒலிப்பதிவு யாருடையது, இசையமைப்பு யாருடையது என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். முன்னதில் எழுதிய பெயரையே பின்னதிலும் நிரப்பிவிட்டுப் போவது ஒரு எழுதுவினைஞரின் கைவேலை. அந்தக் கட்டத்தில் தியாகராஜர் என்று எழுதுவதால் யாருக்கும் ஒரு சதம் வரப்போவதில்லை.

இதிலே சங்கீதம் தெரிந்தவர்களுக்கு உறைக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. எங்கள் மரபில் பாடாந்தரம், அதாவது குருவழி வந்த பாடம், பிசகாமல் வாசிப்பது பெருமை. குரு சொல்லிக்கொடுத்த சங்கதி, அதே வரிசை, அதே இடத்தில் விழவேண்டும். இணுவிலிலும் அளவெட்டியிலும் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் சாதகம் செய்வது இதற்காகத்தான். இயந்திரம் தேடுவதும் அதே ஒற்றுமையைத்தான். எவ்வளவு சுத்தமாக வாசிக்கிறாரோ அவ்வளவு உறுதியாக அவர் பிடிபடுவார். அன்றிரவு சனம் எழுந்து நின்று கேட்ட தனித்தவிலுக்கு யாருமே உரிமை கோரவில்லை. அந்தக் கணத்தில் பிறந்தது என்று சொல்லத்தக்க வாசிப்பு அந்த மூன்று மணித்தியாலத்தில் அதுதான். இயந்திரத்தின் அட்டவணையில் அதற்கு இணை ஒன்றும் கிடைக்கவில்லை.

மேற்குச் சங்கீதத்திலும் இதே கூத்து நடந்திருக்கிறது. 2018 செப்டெம்பரில் பிரித்தானியப் பியானோக் கலைஞர் ஜேம்ஸ் ரோட்ஸ் தான் பாஹ் வாசிக்கும் சிறு காணொளியை முகநூலில் போட்டார். அதில் 47 வினாடிகள் சோனி மியூசிக்கின் உடைமையோடு பொருந்துவதாக அறிவித்தல் வந்தது. பாஹ் இறந்தது 1750இல். ரோட்ஸ் பகிரங்கமாக எழுத, ஊடகங்களும் எடுத்துக்கொள்ள, கோரல் விலகியது. உலகம் அறிந்த கலைஞர் சத்தம்போட்டால் காரியம் நடக்கும். வலிகாமத்து நாதஸ்வரக்காரருக்கு அந்தச் சத்தத்தை யார் போடுவது?

மல்லாரி

மல்லாரிக்குச் சாகித்தியம், அதாவது பாடல் வரிகள், இல்லை. கம்பீரநாட்டை ராகத்தில், சுவாமி புறப்பாட்டுக்கென்று, தவிலின் சொற்கட்டோடு பிணைந்து வருவது. தேர் மல்லாரி, தீர்த்த மல்லாரி, தளிகை மல்லாரி என்று சடங்குக்குச் சடங்கு வேறுபடும். இயற்றியவர் யார் என்று கேட்டால் மேளக்காரர் சிரிப்பார். வீதியில் மல்லாரி கேட்டதும் வீட்டுக்குள் இருப்பவர் எழுந்து படலைக்கு வருவார். சுவாமி வெளிக்கிட்டுவிட்டார் என்பது அதன் பொருள்.

எங்கள் சட்டத்தில் இதற்கு ஒரு பிரிவே இருப்பது பலருக்குத் தெரியாது. புலமைச் சொத்துச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஒரு சமூகத்தின் மரபுவழி வெளிப்பாடுகளைப் பாதுகாக்கிறது. வாய்மொழியாகக் கைமாறி வந்த கதை, பாட்டு, வாத்திய இசை எல்லாம் அதில் அடங்கும். அவற்றை வணிக நோக்கத்துக்காகவோ மரபான சூழலுக்கு வெளியேயோ படியெடுப்பதற்கும் பொதுமக்களுக்கு வழங்குவதற்கும் அமைச்சர் நியமிக்கும் அதிகாரசபை ஒன்றின் அனுமதி வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. மல்லாரி ஆகம மரபின் செவ்வியல் இசையா, இந்தப் பிரிவு சொல்லும் மரபு வெளிப்பாடா என்று சட்டத்தரணிகள் வாதாடலாம். வாதாடட்டும். எந்தப் பக்கம் தீர்ப்பு விழுந்தாலும், கடல்தாண்டிய கம்பனி ஒன்று தனியுரிமை கொண்டாடும் பொருளாக அது மாறாது.

ஒரு நெருடலும் இருக்கிறது. 24ஆம் பிரிவை எழுத்துக்கு எழுத்தாகப் பிடித்தால் விளம்பரக் காசுக்காகக் காணொளி ஏற்றும் எங்கள் வீடியோக்காரரும் கேள்விக்கு உள்ளாவார். அவரிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை.

யாரும் கேட்காத ஆள்

நான்கு கோரல்களிலும் நான்கு கம்பனிப் பெயர்கள். எதிர்ப்பக்கத்தில் ஒரு சனலின் பெயர். வாசித்தவர் எங்கே?

சட்டத்தின் 17ஆம் பிரிவு ஆற்றுகையாளருக்குத் தனி உரிமை தருகிறது. அவருடைய வாசிப்பைப் பதிவுசெய்ய, ஒலிபரப்ப, அவர் அனுமதியின்றி எடுத்த பதிவைப் படியெடுக்க, அவருடைய சம்மதம் வேண்டும். வாசித்த ஆண்டு முடிந்து 50 ஆண்டு வரை அந்த உரிமை நிற்கும். இணுவில் தந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1975இல் காலமானார். அவர் வாசித்த எதற்கும் ஆற்றுகையாளர் என்ற வகையில் எண்ணக்கூடிய காலம் 2025 முடிவோடு தீர்ந்துவிடுகிறது. இன்றைக்கு வாசிப்பவருக்கு இன்னும் அரைநூற்றாண்டு இருக்கிறது. அவரிடம் எழுத்திலோ வாயாலோ அனுமதி கேட்கும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. கமராவைக் கண்டால் அவர் விலகவில்லை என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்கிறோம்.

நாதஸ்வர வித்துவானைப் போய்ப் பார்த்தோம். வீடியோக்காரர் நடந்ததை ஆத்திரத்தோடு சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது இது:

"தம்பி, நான் வாசிச்சதுக்கு ஆரோ ஒருத்தன் காசு எடுக்கிறான் எண்டு சொல்லுறீர். சரி. அவன் எடுக்காமல் உமக்கு வந்திருந்தால் எனக்கு எவ்வளவு தந்திருப்பீர்?"

"ஐயா, அது... நான் அப்பிடி யோசிக்கேல்லை."

"அதைத்தான் கேக்கிறன்."

இந்த வழக்கு முழுவதிலும் சரியான கேள்வியைக் கேட்டவர் அவர்தான் என்பது என் கருத்து. கம்பனி பறித்தது வீடியோக்காரரின் காசை என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்.

அந்த வித்துவான் தானாக ஏதும் செய்ய முடியுமா? தன் வாசிப்பை இயந்திரத்தில் பதிந்து, யாரேனும் எடுத்துப் போட்டால் பிடிக்கும்படி செய்ய முடியுமா? இந்த முறைகளைப் பற்றிப் பகிரங்கமாக விரிவாக எழுதிவைத்திருப்பது யூடியூப். அதன் விதிகளையே இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். 2007இல் தொடங்கிய அவர்களுடைய 'கண்டென்ட் ஐடி' முறைக்குள், அடிக்கடி பிறர் ஏற்றும் பெருந்தொகைப் படைப்புகளுக்குத் தனியுரிமை வைத்திருப்பவரே நுழையலாம். இசைக் கம்பனி, படக் கம்பனி, தொலைக்காட்சி நிறுவனம். தனி ஒருவருக்கு இருப்பது ஒரு படிவம்: காணொளியைத் தானே தேடிப்பிடித்து, ஒவ்வொன்றாக முறையிடவேண்டும். தியாகராஜருக்கு உரிமை கொண்டாடுகிறவருக்குத் தானாக வலைவீசும் இயந்திரம். தன் மூச்சுக்கு உரிமை உள்ளவருக்கு ஒரு படிவம், அதுவும் அவருக்குப் பழக்கமில்லாத மொழியில்.

மறுப்பு

கீர்த்தனைக்கும் மல்லாரிக்கும் மறுப்புத் தெரிவித்தோம். இங்கே சில விதிகளை விளக்கவேண்டும். ஊரில் பலர் இவற்றைத் தெரியாமல்தான் காசை இழக்கிறார்கள். மீண்டும் யூடியூபின் விதிகளைச் சொல்கிறேன், மற்றத் தளங்களில் விவரம் மாறலாம்.

கோரல் வந்து 5 நாட்களுக்குள் மறுத்தால், முதல் நாளிலிருந்தே வருமானம் யாருக்கும் போகாமல் நிறுத்திவைக்கப்படும். அதற்குப் பிந்தினால், மறுத்த நாளிலிருந்துதான். திருவிழாக் காணொளியைச் சனம் பார்ப்பது முதல் சில நாட்களில். பதினைந்து நாள் யோசித்துவிட்டு மறுப்பவர் வென்றாலும் கையில் கிடைப்பது மீதி. மறுப்பைக் கோரியவரே பார்ப்பார், அவருக்கு 30 நாள் அவகாசம். பதில் சொல்லாவிட்டால் கோரல் கழன்றுவிடும். 'எங்கள் கோரல் சரி' என்று அவர் ஒரு பொத்தானை அழுத்தினால் நிலைத்துவிடும். வழக்காளியே முதல் நீதிபதியுமாக இருக்கும் ஏற்பாடு.

அடுத்தது மேன்முறையீடு. அதற்குக் கோரியவர் 7 நாளில் பதில் சொல்லவேண்டும். இங்கேதான் ஆபத்து. அவர் இப்போது சட்டபூர்வமான நீக்கல் கோரிக்கை அனுப்பலாம். அது அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் வருவது. காணொளி போகும், சனலுக்கு ஒரு எச்சரிக்கை விழும். 90 நாளுக்குள் மூன்று எச்சரிக்கை விழுந்தால் சனலே போகலாம். எதிர்க்கவேண்டுமானால் எதிர் அறிவித்தல் கொடுக்கவேண்டும்: முழுப்பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், பொய்ச்சாட்சியத்துக்குரிய தண்டனைக்கு உட்பட்டுச் சொல்கிறேன் என்ற உறுதி, அமெரிக்க மத்திய நீதிமன்றம் ஒன்றின் நியாயாதிக்கத்துக்குச் சம்மதம். அந்த விவரங்கள் கோரியவரிடம் போகும்.

மல்லாரிக் கோரல் அவகாசம் தீர்ந்து தானாகக் கழன்றது. யாரும் பதில் சொல்லவில்லை. கீர்த்தனையின் கோரலை அந்தக் கம்பனி நிலைநிறுத்தியது. விளக்கம் ஒன்றும் இல்லை.

மேன்முறையீடு செய்யுமாறு நான் சொன்னேன். வீடியோக்காரர் மறுத்துவிட்டார். அவருடைய கணக்கு வேறு. சனலில் பல வருடத் திருவிழாக்கள் இருக்கின்றன. ஒரு கீர்த்தனைக்காக எல்லாவற்றையும் பணயம் வைப்பதா? அதைவிடப் பெரிய தடையாக நின்றது முகவரி. வீட்டு முகவரியையும் கையெழுத்தையும் முன்பின் தெரியாத ஓரிடத்துக்கு எழுதி அனுப்புவதென்றால், 2009இல் முடிந்த போரின் வருடங்களை இங்கே வாழ்ந்து கடந்த ஒரு குடும்பம் எப்படி எடுத்துக்கொள்ளும் என்பது வெளியூர்ச் சட்டம் எழுதியவருக்குத் தெரியாது. அவருடைய தாயார் ஒரே வசனத்தில் முடித்துவிட்டார்: "பேர் விலாசம் எழுதிக் குடுக்கிற வேலை ஒண்டும் வேண்டாம்."

2021இன் முதல் ஆறு மாதத்தில் கண்டென்ட் ஐடி வழியாக 72 கோடிக்கு மேற்பட்ட கோரல்கள் வந்ததாக யூடியூபின் அறிக்கை சொன்னது. மறுக்கப்பட்டவை நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. மறுக்கப்பட்டவற்றில் ஏறத்தாழ 60 வீதம் ஏற்றியவர்பக்கம் தீர்ந்தது. இரண்டாவது எண்ணைக் காட்டி, முறை சரியாக வேலைசெய்கிறது, மறுப்பவரே குறைவு என்பார்கள். நான் மூன்றாவது எண்ணைத்தான் பார்க்கிறேன். துணிந்து மறுத்தவர்களில் பாதிக்கு மேல் சரியாக இருந்தால், துணியாமல் விட்டவர்களில் எத்தனை பேர் சரியாக இருந்திருப்பார்கள்?

இலங்கையில் வழக்குப் போடலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். போடலாம். இத்தகைய வழக்குகள் கொழும்பில் உள்ள வணிக மேல் நீதிமன்றத்துக்குப் போகும். எதிராளி வெளிநாட்டுக் கம்பனி. இரவு பஸ் செலவும் சட்டத்தரணி செலவும் சேர்த்தால், கீர்த்தனையால் இழந்த காசு ஒரு தேநீர்க்கணக்கு.

சபைத் தலைவருக்கு இன்னொரு யோசனை: கோயிலின் பெயரில் எல்லாவற்றையும் கொழும்பில் 'ரெஜிஸ்டர்' பண்ணிவிட்டால் என்ன? பலருக்கு உள்ள மயக்கம் இது. எங்கள் சட்டத்தில் பதிப்புரிமைக்குப் பதிவு என்று ஒன்று இல்லை. படைத்த கணத்திலேயே உரிமை பிறக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இயந்திரத்துக்கு முன் நீட்டிக்காட்ட ஒரு துண்டுக் கடதாசி கிடைக்காது.

சனல் யாருடையது

வழக்கின் நடுவில் தெரியவந்த வேறொரு விஷயம் எனக்குக் கோரல்களைவிடக் கவலை தந்தது. வெட்டிய சினிமாப் பாட்டை மூலப்பதிவிலிருந்து தனியாக எடுக்கலாம் என்று கேட்டபோது மூலப்பதிவு இல்லை. மெமரி கார்ட்டை அடுத்த திருவிழாவுக்கு அழித்துவிட்டார். முந்திய வருடங்களுக்கும் அதே கதைதான். ஹார்ட் டிஸ்க் விலையைப் பார்த்து, 'அதுதான் இணையத்தில் இருக்கிறதே' என்று விட்டிருக்கிறார். அந்தக் காணொளிகளில் வாசித்த தவில்காரர் ஒருவர் இப்போது உயிரோடு இல்லை. அவருடைய வாசிப்பு இருக்கும் ஒரே இடம், எச்சரிக்கை மூன்று விழுந்தால் மறையக்கூடிய ஒரு சனல்.

இதைக் கற்பனைப் பயம் என்று தள்ளமுடியாது. 2025 பெப்ரவரியில் முகநூல் தன் விதியை மாற்றியது: நேரலைக் காணொளிகள் இனி 30 நாள்தான் இருக்கும், பழையவையும் அறிவித்தல் கொடுத்தபின் நீக்கப்படும், வேண்டியவர் இறக்கிக்கொள்ளலாம். நேரலையை முகநூலில் விட்டு அதோடு மறந்த கோயில்கள் எங்கள் பகுதியில் உண்டு. அறிவித்தல் பழைய மின்னஞ்சல் ஒன்றுக்குப் போயிருக்கும். கணக்கைத் திறந்த பெடியன் இப்போது சுவிஸில் இருப்பான். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த ஊர் இது. ஏறத்தாழ 97,000 நூல்கள் போன கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். எங்கள் கையால் எடுத்த பதிவை மட்டும் வாடகையில்லாத பிறர் வீட்டில் வைத்துவிட்டு வருகிறோம்.

கொழும்பு என்ன செய்யலாம்

இணையத்தைப் பற்றி எங்கள் அரசுக்கு அக்கறை இல்லை என்று சொல்லமுடியாது. 2024ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இருக்கிறது. தடைசெய்யப்பட்ட கூற்றுகள் எவை, அவற்றை எப்படி நீக்குவிப்பது என்பதற்கு ஆணைக்குழு வரை யோசித்திருக்கிறார்கள். பிழையாக நீக்கப்பட்ட, பிழையாகப் பறிக்கப்பட்ட ஒருவரின் பதிவை மீட்டுக்கொடுக்க ஒரு வசனம் கூட யாரும் எழுதவில்லை. புலமைச் சொத்துச் சட்டமோ 2003இல் எழுதியது. இப்படியான தளங்கள் அப்போது பிறக்கவேயில்லை. அந்த வெற்றிடத்தில் கலிபோர்னியாவில் எழுதிய உடன்படிக்கை வந்து உட்கார்ந்திருக்கிறது.

வேறு வழி இல்லாமலில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டுப் பணிப்புரை, இத்தகைய தளங்களில் முறைப்பாட்டைத் தீர்மானிக்க மனிதர் ஒருவர் பார்க்கவேண்டும் என்று கேட்கிறது. அதை நடைமுறைக்குக் கொண்டுவந்த ஜேர்மனியின் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தில், திரும்பத் திரும்பப் பிழையாக உரிமை கோருபவரை அந்த நடைமுறையிலிருந்து சில காலம் விலக்கிவைக்க இடமிருக்கிறது. எங்கள் உபயகாரர் இருப்பதும் ஜேர்மனியில்தான். அவர் அங்கே இருந்துகொண்டு ஏற்றியிருந்தால் கிடைக்கக்கூடிய பாதுகாப்பு, திருவிழா நடந்த ஊரில் இருப்பவருக்கு இல்லை.

என்னைக் கேட்டால், கொழும்பு முதலில் செய்யவேண்டியது சிறிய வேலை. 24ஆம் பிரிவு சொல்லும் அதிகாரசபையைக் கையில் எடுத்து, மல்லாரி போன்றவற்றின் பட்டியலைத் தளங்களுக்கு அரசின் பெயரால் அனுப்பி, இவற்றின் மேல் தனியார் கோரலை ஏற்காதே என்று எழுதலாம். தனி ஒருவர் எழுதினால் குப்பைக்குப் போகும் கடிதம் ஒரு அரசு எழுதினால் வாசிக்கப்படும்.

இப்போதைய நிலை

கீர்த்தனை மீதான கோரல் அப்படியே இருக்கிறது. மல்லாரிக்கு அதே வீடியோக்காரரின் வேறொரு காணொளியில் புதுக் கோரல் வந்திருக்கிறது, இம்முறை வேறு பெயரில். முதல் நாளிலேயே மறுத்துவிட்டார்.

சபை சில விஷயங்களுக்கு இணங்கியிருக்கிறது. நேரலை தொடங்கினால் ஒலிபெருக்கியில் ஒலிப்பதிவுப் பாட்டு போடுவதில்லை. மூலப்பதிவின் ஒரு பிரதி ஹார்ட் டிஸ்கில் கோயில் அலுமாரிக்குப் போகும், அதன் விலையைச் சபை கொடுக்கும். சினிமாப் பாட்டு வாசிக்கும் நேரத்தைத் தனிக் காணொளியாக ஏற்றி, அதன் வருமானம் கோரியவருக்கே போகட்டும் என்று விட்டுவிடுவது.

மேளக்காரரோடு எழுதிய ஒரு பக்கச் சம்மதக் கடிதம்தான் நாளெடுத்தது. வருமானத்தில் மூன்றில் ஒன்று வாசித்த குழுவுக்கு. விவரக் குறிப்பின் முதல் வரியில் வாசித்தவர்களின் பெயர், சனலின் பெயர் அதற்குக் கீழே. வேறு எந்தக் கம்பனிக்கும் இந்தப் பதிவை அவர்களைக் கேட்காமல் விற்கக்கூடாது. தவில்காரர் கடைசியில் ஒரு வரியைத் தானாகச் சேர்ப்பித்தார்: தனி வாசிக்கும்போது கமரா தவிலில்தான் நிற்கவேண்டும், சனத்தின் பக்கம் திரும்பக்கூடாது. வீடியோக்காரர் அதற்கு இன்னும் கையெழுத்துப் போடவில்லை.